மார்கரெட் அம்மாள் கட்டிய கோயில்

"நார்விச்" என்றுதான் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். ஆனால் "நாரிச்" என்று சொல்ல வேண்டுமாம்.

"நடுவில் ஓர் எழுத்து இருக்கிறதே, அது எதற்கு?" என்று என் பெண்ணைக் கேட்டேன்.

"அது இருக்கும் அம்மா. ஆனால் பேசாது" என்றாள்.

வேண்டுமென்றே சொன்னாளோ, தற்செயலாகத்தான் சொன்னாளோ, எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் ஒன்பது வருஷ காலம் நானும் அப்படித்தான் இருந்தேன். இருந்தேன், பேசவில்லை.

உங்களிடம் மறைப்பானேன்? என் பெண், தன்னோடு வேலை பார்த்த பையனைத் தானே பார்த்துக் கலியாணம் செய்துகொண்டாள். ஜாதி வேறு. ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்ற இருவரையும் நான் உள்ளே கூப்பிடவில்லை. என் கணவர் கூப்பிடத்தான் எழுந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஈஸிசேரில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவர்கள் சீமைக்குப் போனார்கள். அவர் மட்டும் எனக்குத் தெரியாமல் மொட்டை மாடியில் நின்றுகொண்டு பெண்ணோடு டெலிபோனில் பேசுவார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரும் போய்விட்டார். இந்த வருஷம் சித்திரை மாதத்தில், பேத்தியைப் பார்க்கிற சாக்கில் நான் விமானம் ஏறினேன். பேத்தியைப் பார்ப்பது, இரண்டு மாதம் இருப்பது, திரும்பிவிடுவது என்று தீர்மானம். அந்தப் பையனை எப்படிக் கூப்பிடுவது என்பது மட்டும் தீர்மானமாகவில்லை. அதனால் "அவரிடம் சொல்லு", "அவரைக் கேளு" என்று பெண் மூலமாகவே காலம் தள்ளினேன்.

இதெல்லாம் கிடக்கட்டும். கோயில்களைப் பற்றி அல்லவா எழுத உட்கார்ந்தேன்?

நார்விச், இங்கிலாந்தின் கிழக்குக் கோடியில் நார்ஃபோக் என்ற ஜில்லாவில், வென்ஸம் என்ற சின்ன நதிக்கரையில் இருக்கும் ஊர். இன்று லண்டனிலிருந்து ரெயிலில் போகிறவர்களுக்குக் கடைசி ஸ்டேஷன். ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் லண்டனுக்கு அடுத்த பெரிய நகரம் இதுதான் என்றால் நம்ப முடிகிறதா? வருஷத்தில் வாரத்துக்கு ஒரு மாதா கோயில், நாளுக்கு ஒரு சாராயக் கடை உள்ள ஊர் என்று ஊர்க்காரர்களே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். சாராயக் கடையை நான் எண்ணவில்லை. கோயில்களை எண்ணலாம் என்று கிளம்பினேன். பெண்ணும் அவரும் வேலைக்குப் போனால் வீட்டில் நானும் பேத்தியும்தானே! தள்ளுவண்டியில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு கோயில் என்று கணக்கு வைத்தேன். பழைய மதிலுக்குள் ஒரு காலத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட பங்குக் கோயில்கள் இருந்தனவாம். ஐந்நூறு, அறுநூறு வருஷத்தைத் தாண்டிய 31 கோயில்கள் இன்றும் நிற்கின்றன. ஒரு தெருவில் நின்று பார்த்தால் இரண்டு கோபுரம் தெரியும். மூன்றாவது எங்கே என்று குழந்தை மாதிரி கழுத்தைத் திருப்பித் தேடுவேன்.

நாம் பொதுவாக எல்லாவற்றையும் "மாதா கோயில்" என்றுதான் சொல்லிவிடுகிறோம். இங்கே பேதுரு பெயரில் மூன்று நான்கு, மிக்கேல் பெயரில் சில, ஜார்ஜ் பெயரில் இரண்டு என்று இருப்பதால், "மார்க்கெட் பக்கத்துப் பேதுரு", "சாயக் கடைத் தெரு யோவான்" என்கிற மாதிரி அடையாளம் சொல்ல வேண்டியிருக்கிறது. சாயக் கடை என்று சும்மா சொல்லவில்லை. மாடர் என்ற சிவப்புச் சாய வேர் விற்ற சந்தையின் பெயராலேயே ஒரு யோவான் கோயில் இருக்கிறது. நம் நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி என்று கொடுக்கிறார்களே, அதற்கு உறவான வேர். அந்தக் கோயிலின் கோபுரத்துக்கு அடியிலேயே ஜனங்கள் நடக்கிற சந்து போகிறது. தள்ளுவண்டியும் போகும், நான் போய்ப் பார்த்தேன்.

ஒரே ஊரில் இத்தனை கோயில் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? ஆட்டின் முதுகிலிருந்து வந்தது. கம்பளி நூலும் நெசவும்தான் இந்த ஊரின் ஐசுவரியம். "வொர்ஸ்டெட்" என்று உயர்ந்த கோட்டுத் துணியைச் சொல்கிறோமே, அது பக்கத்திலுள்ள வொர்ஸ்டெட் என்ற கிராமத்தின் பெயர். அந்தத் துணியை விற்றுப் பணக்காரரான வியாபாரிகள் தத்தம் பேட்டையில் உள்ள கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். பக்கத்துப் பேட்டைக்காரன் கோபுரத்தைவிட நம்முடையது இரண்டு அடி உயர வேண்டும் என்ற ஆசையும் இருந்திருக்கும். மனிதர்கள் எங்கேயும் மனிதர்கள்தானே! பிறகு 1565-இல், மதச் சண்டைக்குப் பயந்து கடல் கடந்து வந்த நெசவாளர்களில் 30 குடும்பங்களை ஊரே அழைத்துக் குடியேற்றியது. அவர்கள் தறியோடு கானரிப் பட்சிகளையும் கொண்டுவந்தார்களாம். ஊரின் கால்பந்துக் கோஷ்டிக்கு இன்றும் அந்த மஞ்சள் பட்சிதான் சின்னம்.

பணம் இருந்தது, கல் இல்லை. நார்ஃபோக் முழுவதும் தேடினாலும் கட்டடம் கட்டுகிற நல்ல கல் கிடையாது. பெரிய கதீட்ரலை 1096-இல் தொடங்கியபோது பிரெஞ்சு தேசத்திலிருந்து கப்பலில் கல் வரவழைத்தார்கள். பேட்டைக் கோயில்களுக்கு அது கட்டுமா? வயலில் உழும்போது புரளுகிற சக்கிமுக்கிக் கல்தான் கதி. கறுப்பும் வெள்ளையுமாக, உருளைக்கிழங்கு மாதிரி உருண்டு திரண்ட கல். அதைச் சுண்ணாம்பில் பதித்துப் பதித்துச் சுவர் எழுப்பினார்கள். மூலைக்கு வைக்கச் சதுரக் கல் இல்லாததால் சில கோபுரங்களை வட்டமாகவே கட்டிவிட்டார்கள் என்று ஒரு கட்சி. இல்லை, அந்தக் காலத்து மோஸ்தரே அதுதான் என்று இன்னொரு கட்சி. பண்டிதர்கள் சண்டை நமக்கு எதற்கு? நார்ஃபோக்கில் அப்படிப்பட்ட வட்டக் கோபுரங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் நெல் குதிர் மாதிரி இருக்கிறது.

இந்த முரட்டுக் கல்லை வைத்துக்கொண்டு அவர்கள் செய்திருக்கும் வேலையைக் கேளுங்கள். கல்லைச் சுத்தியலால் நேர்த்தியாகத் தட்டினால் உள்ளே கண்ணாடி மாதிரி மினுமினுக்கும் கறுப்பு முகம் தெரியும். வெளியூரிலிருந்து வந்த வெள்ளைக் கல்லில் ஜன்னல் வடிவமாக, பூ வடிவமாக வெட்டி, அந்த வெட்டுக்குள் இந்தக் கறுப்புத் துண்டுகளை ஒரு நூல் இடைவெளி இல்லாமல் பொருத்தியிருக்கிறார்கள். காஸ்லனிப் பேட்டை மிக்கேல் கோயிலில் சுவரே கறுப்பு வெள்ளை ஜரிகைப் பார்டர் போட்ட புடவை மாதிரி இருக்கிறது. தடவிப் பார்த்தேன், மேடு பள்ளம் கைக்குத் தெரியவில்லை. எந்தக் கொத்தன், எத்தனை நாள் உட்கார்ந்து தட்டினானோ!

மார்க்கெட் பக்கத்துப் பேதுரு கோயில் என்றேனே, அதுதான் பங்குக் கோயில்களில் பெரியது. 1430-இல் தொடங்கி 1455-இல் முடித்தார்கள். உள்ளே போனதும் எனக்கு முதலில் பட்டது வெளிச்சம். பெரிய பெரிய ஜன்னல். சுவர் எங்கே என்று தேட வேண்டும். கிழக்கு ஜன்னலில் பழைய வர்ணக் கண்ணாடிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சேர்த்து வைத்த கதை தனி. உள்நாட்டுக் கலகத்தின்போது, 1648-இல், ஊருக்குள் வைத்திருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, இந்தக் கோயிலின் கண்ணாடியெல்லாம் நொறுங்கிவிட்டது. பிழைத்ததைத் திரட்டி ஒரே ஜன்னலில் பொருத்தினார்கள். ஏசுவின் பாலப் பருவம் ஒரு பக்கம். அப்புறம் ஒன்றுக்கொன்று ஒட்டாத வேறு கதைகள்.

இதே கோயிலில்தான் 1715-ஆம் வருஷம் மே மாதம் 2-ஆம் தேதி ஒரு விந்தை நடந்தது. ஏழு மணிகளை எத்தனை விதமாக மாற்றி மாற்றி அடிக்கலாம்? ஏழை ஆறால் பெருக்கி, ஐந்தால் பெருக்கி, இப்படியே ஒன்றுவரை போனால் 5,040 வரும். அந்த 5,040 விதத்தையும், ஒன்றுகூட இரண்டு தடவை வராமல், நிறுத்தாமல், கையில் காகிதமும் இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கயிற்றை இழுத்து அடித்து முடித்தார்கள். உலகத்திலேயே முதல் தடவை என்கிறார்கள். அடித்தவர்களுக்குக் கை வலித்திருக்கும். அக்கம்பக்கத்தில் பச்சைக் குழந்தை வைத்திருந்த தாய்மார்கள் என்ன சொன்னார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அங்கேயே புதைக்கப்பட்ட ஸர் தாமஸ் பிரௌன் என்ற டாக்டர், செத்தவர்களின் சாம்பலையும் எலும்பையும் பற்றி அருமையான புத்தகம் எழுதியவர். 1682-இல் இறந்தார். 1840-இல் பக்கத்தில் குழி தோண்டியபோது அவருடைய பெட்டி உடைந்து, மண்டையோடு களவு போய்விட்டது! எண்பது வருஷம் ஒரு காட்சிசாலையில் கண்ணாடிக்குள் இருந்துவிட்டு, 1922-இல்தான் திரும்பவும் குழிக்குள் போயிற்று. எலும்பைப் பற்றி எழுதும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

சரி, இத்தனை கோயிலிலும் பூஜை நடக்கிறதா? இல்லை. அதுதான் எனக்கு முதலில் தாங்கவில்லை. ஊர் மக்கள் மதிலைத் தாண்டிப் புறநகருக்குக் குடிபோய்விட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். 1942 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் பெனடிக்ட் கோயிலின் வட்டக் கோபுரம் மட்டும் மிச்சம். குண்டுக்குத் தப்பியவற்றிலும் பல மூடிக் கிடந்தன. 1973-இல் ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தி, அப்படிப்பட்ட 18 கோயில்களை வேறு காரியங்களுக்குக் கொடுத்துக் காப்பாற்றி வருகிறார்கள். கிரிகரி கோயிலில், ஜார்ஜ் மகான் பறவை நாகத்தைக் குத்துகிற பழைய சுவர்ச் சித்திரத்துக்குக் கீழே, நான் போனபோது பழைய பீங்கானும் கடிகாரமும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஜேம்ஸ் கோயில் 1980 முதல் பொம்மலாட்டக் கொட்டகை!

"கோயிலில் பொம்மலாட்டமா? இதென்ன அநியாயம்!" என்றேன் பெண்ணிடம்.

"இடித்துவிட்டுக் கார் நிறுத்துகிற இடமாகப் பண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்குமா?" என்றாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமை பேத்தியை அங்கே கூட்டிக்கொண்டு போனோம். பொம்மை வந்து தலையை ஆட்டியதும் குழந்தை சிரித்த சிரிப்பு அந்த உயரமான கூரையில் போய் மோதித் திரும்பி வந்தது. நான் என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் போனோம்.

பெண்களாகிய நாம் அவசியம் பார்க்க வேண்டிய இடம் ஒரு சந்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஜூலியன் கோயில். அந்தக் காலத்தில் சில ஸ்திரீகள் உலகத்தைத் துறந்து, கோயில் சுவரை ஒட்டிய ஒரு சின்ன அறைக்குள் போய், சாகும் வரையில் வெளியே வருவதில்லை என்று பிரதிக்ஞை செய்துகொள்வார்கள். உள்ளே போகும்போது இறந்தவர்களுக்குச் சொல்லுகிற ஜபத்தையே சொல்லி அனுப்புவார்களாம். கோயிலைப் பார்க்க ஒரு ஜன்னல், சாப்பாடு வாங்க ஒரு ஜன்னல், யோசனை கேட்டு வருகிறவர்களோடு பேச, திரை போட்ட ஒரு ஜன்னல். பூனை ஒன்று வைத்துக்கொள்ள மட்டும் அனுமதி உண்டு. இங்கே அப்படி இருந்த அம்மாளின் சொந்தப் பெயர்கூட யாருக்கும் தெரியாது. கோயிலின் பெயரையே வைத்து ஜூலியன் அம்மாள் என்கிறார்கள். 1373-இல், முப்பதாவது வயதில், சாகக் கிடந்தபோது கண்ட தரிசனங்களை எழுதி வைத்தாள். ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதியதாகத் தெரிந்த முதல் புத்தகம் அதுதான்.

1413-ஆம் வருஷ வாக்கில், லின் என்ற ஊரிலிருந்து மார்ஜரி கெம்ப் என்று ஓர் அம்மாள் அவளைப் பார்க்க வந்தாள். பதினான்கு குழந்தைகள் பெற்றவள். ஓயாமல் அழுவாள், ஊரெல்லாம் கேலி செய்யும். இவள் ஜன்னலுக்கு வெளியே, அவள் ஜன்னலுக்கு உள்ளே. பல நாள் உட்கார்ந்து பேசினார்கள். மார்ஜரி பிற்பாடு தன் கதையைச் சொல்லி எழுத வைத்தாள். அந்தக் கையெழுத்துப் பிரதி ஐந்நூறு வருஷம் மறைந்திருந்து 1934-இல்தான் அகப்பட்டது.

1942-இல் குண்டு விழுந்து அந்தக் கோயிலின் பெரும்பகுதி இடிந்து போயிற்று. 1953-இல் திரும்பக் கட்டி, அறையையும் கட்டினார்கள். அறை வாசலுக்கு, அதே போல் குண்டில் அழிந்த இன்னொரு கோயிலின் பழைய கல் நிலையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். குழந்தை தூங்கிவிட்டதால் நான் அந்த அறைக்குள் அரைமணி உட்கார்ந்திருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவள், ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். எனக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடி ஞாபகம் வந்தது. எழுந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் என்னை எல்ம் ஹில் என்ற தெருவுக்கு அழைத்துப் போனாள். உருண்டைக் கல் பாவிய மேட்டுத் தெரு. அதன் உச்சியில் பேதுரு ஹங்கேட் கோயில். 1930-களில் பூஜை நின்று, பல வருஷம் மியூஸியமாக இருந்தது. நாங்கள் போன அன்று கதவு பூட்டியிருந்தது. உள்ளே கூரையில் மரத்தில் செதுக்கிய தேவதைகள் உண்டாம். வெளியே சுவரோரம் உட்கார்ந்தோம்.

"இது மார்கரெட் பாஸ்டன் என்ற அம்மாளும் அவள் புருஷனும் எடுத்துக் கட்டிய கோயில்" என்று பெண் ஆரம்பித்தாள்.

பாஸ்டன் குடும்பத்தார் இந்தத் தெருவில் வீடு வைத்திருந்தவர்கள். வக்கீல் குடும்பம், நிலபுலன், வழக்கு, சண்டை. புருஷன் ஜான் பாஸ்டன் பெரும்பாலும் லண்டனில் கோர்ட்டே கதியாகக் கிடப்பான். வீட்டையும் நிலத்தையும் காப்பது மார்கரெட். அவள் சொல்லச் சொல்லப் பிறர் எழுதி அனுப்பிய கடிதங்கள் நூற்றுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. 1448-இல் எதிரிகள் வீட்டைச் சூழ்ந்தபோது புருஷனுக்குக் கடிதம் எழுதுகிறாள்: சண்டைக்கு வில் அனுப்பு, அம்பு அனுப்பு என்று. அதே கடிதத்தில், ஒரு பவுண்டு பாதாம் பருப்பும், ஒரு பவுண்டு சர்க்கரையும், குழந்தைகளுக்கு அங்கி தைக்கத் துணியும் வாங்கி வரச் சொல்கிறாள்!

நான் சிரித்துவிட்டேன். சண்டை நடந்தாலும் சமையலறை நடந்தாக வேண்டுமே.

1450-இல் எதிரிகள் ஆயிரம் பேர் வந்து, அவள் இருந்த அறையின் சுவரைத் தோண்டிச் சாய்த்து அவளை வெளியே தூக்கிப் போட்டார்கள் என்று பாஸ்டன் குடும்பம் ராஜாவுக்கு மனுக் கொடுத்தது. அதற்கும் அசரவில்லை. 1458 முதல் இந்தக் கோயிலை எடுத்துக் கட்டினார்கள். பழைய கோயில் போய்ப் புதிது வந்ததைக் காட்ட, காய்ந்த ஓக் மரமும் அதன் அடியிலிருந்து புதுத் துளிரும் செதுக்கி, 1460 என்று வருஷத்தையும் பொறித்து வைத்தார்கள். 1466-இல் புருஷன் இறந்தான்.

"அப்புறம்?" என்றேன்.

பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பேத்தியின் குல்லாயைச் சரிசெய்தாள். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மார்கரெட்டுக்கு மார்ஜரி என்று ஒரு பெண். அவர்கள் பண்ணையில் கணக்கு வழக்குப் பார்த்த ரிச்சர்ட் காலி என்பவனும் அவளும் ரகசியமாக ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துச் சட்டப்படி அந்த வாக்கே கலியாணம். காலியின் உறவுக்காரர்கள் கடை வைத்துப் பிழைப்பவர்கள். மெழுகுவத்தியும் கடுகும் விற்கிற குடும்பத்துக்கு நம் பெண்ணா என்று மார்ஜரியின் அண்ணன் தம்பிக்கு ஆத்திரம். 1469-இல் பிஷப் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். மார்ஜரி மழுப்பவில்லை; தான் சொன்ன வார்த்தைகள் போதாதென்றால் அங்கேயே இன்னும் உறுதியாகச் சொல்லத் தயார் என்றாள். பிஷப்பால் கலியாணத்தைக் கலைக்க முடியவில்லை. அவள் வீடு திரும்புவதற்குள் மார்கரெட் உத்தரவு போட்டுவிட்டாள்: அவளை உள்ளே விடக் கூடாது.

"விடவில்லையா?"

"விடவில்லை. ஆனால் அந்த மனிதனை மட்டும் மறுபடி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கணக்குப் பார்க்க அவனைப் போல் ஆள் கிடைக்கவில்லை."

"பெண்ணை?"

"பெண்ணைச் சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை, அம்மா. மார்கரெட் 1482-இல் உயில் எழுதினாள். அதில் மார்ஜரியின் மூத்த பிள்ளைக்கு இருபது பவுண்டு என்று இருக்கிறது. அதற்குள் மார்ஜரி செத்துப் போய்விட்டாள்."

பேத்தி தள்ளுவண்டியிலிருந்து ஒரு காலணியை உதறினாள். அது உருண்டைக் கல்லின் மேல் விழுந்து இரண்டடி போயிற்று. நான் எழுந்து எடுத்து வந்து போட்டேன். பூட்டிய கதவை இன்னொரு தரம் பார்த்தேன். அறுநூறு வருஷம் ஆகப் போகிறது. சுவர் கெட்டியாகத்தான் இருக்கிறது. நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் பஸ் ஏறினோம்.

அன்று சாயங்காலம் பெண்ணின் டெலிபோன் மணி அடித்தது. கடையில் இருந்து அவர்தான் பேசினார். வீட்டுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறார் என்றாள் பெண்.

"இப்படிக் கொடு" என்று நானே கையை நீட்டினேன்.

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு மிகவும் மெதுவாக, "சொல்லுங்கள் அத்தை" என்றார்.

"அரைக் கிலோ பாதாம் பருப்பு வேண்டும். அரைக் கிலோ சர்க்கரை. நெய் வீட்டில் இருக்கிறது. இல்லை, கொஞ்சமாகத்தான் இருக்கிறது, அதுவும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், மாப்பிள்ளை" என்றேன்.

பெண் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதாமை வெந்நீரில் ஊறப் போட எந்தப் பாத்திரம் சரியாக இருக்கும் என்று நான் அலமாரியில் தேட ஆரம்பித்தேன்.